வேலூர் வட்டாரத்தில் ஃபெரெட் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஃபெரெட் என்பது நீண்ட உடலும் குட்டைக் கால்களும் கொண்ட, மாமிசம் தின்னும் ஒரு சிறு வளர்ப்பு விலங்கு. அதைப் பற்றி ஊராரிடம் பேசப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் அதை வளர்ப்பவர்கள், அதன்மேல் பாசம் கொண்டவர்கள். அந்தப் பாசத்தில் மேடை ஏறியதும் கூண்டைத் திறந்து விலங்கை வெளியே எடுத்துவிடுகிறார்கள். கூட்டம் அதோடு முடிந்தது. பிள்ளைகள் கூச்சலிடுவார்கள், பெரியவர்கள் கைப்பேசியைத் தூக்குவார்கள், பின்வரிசையில் ஒருவர் எழுந்து "எங்கே கிடைக்கும், என்ன விலை?" என்பார். அதற்குப் பிறகு நீங்கள் சொல்வது யார் காதிலும் விழாது.

காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் புதியவர்கள் இப்படித் தடுமாறுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் கீழே உள்ள வரிசை உருவானது. விலங்கு இதில் எட்டாவது படியில் வருகிறது. சில கூட்டங்களில் வரவே வராது, அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

1. எதற்காகக் கூட்டம் என்று ஒரு தாளில் எழுதுங்கள்

வாங்கத் தூண்டுவதா, வாங்கும் முன் யோசிக்க வைப்பதா? இரண்டையும் ஒரே மேடையில் செய்ய முடியாது. நம் ஊர் வெயிலையும் இங்கே கிடைக்கும் மருத்துவ வசதியையும் வைத்துப் பார்த்தால் இரண்டாவதுதான் நேர்மையானது. எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மேடையில் கைதட்டல் கிடைக்கும்போது நாக்கு வாங்கத் தூண்டும் பக்கம் சாய்ந்துவிடும்.

இதே காரணத்துக்காகச் செல்லப்பிராணிக் கடைகளிடம் நன்கொடை வாங்காதீர்கள். பேனரில் கடையின் பெயர் இருந்தால், நீங்கள் என்ன எச்சரித்தாலும் அது விளம்பரமாகவே படும்.

2. மண்டபத்துக்கு முன்பு மருத்துவரையும் காகிதங்களையும் பாருங்கள்

புதியவர்கள் முதலில் இடத்தைப் பேசி முடித்துவிட்டு, நாள் நெருங்கியதும் மருத்துவரைத் தேடுவார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். நம் பக்கத்துக் கால்நடை மருத்துவமனைகள் மாடு, ஆடு, கோழி, நாய் பார்த்துப் பழகியவை. ஃபெரெட்டைக் கையில் எடுத்த அனுபவமுள்ளவர் அருகில் இருப்பார் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. தொலைபேசியில் அழைத்து, "ஃபெரெட் பார்த்திருக்கிறீர்களா, அவசரமென்றால் பார்ப்பீர்களா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். "இல்லை" என்று வந்தால் அதையும் கூட்டத்தில் சொல்லுங்கள். வாங்க நினைப்பவருக்கு அதைவிடப் பயனுள்ள செய்தி வேறில்லை.

தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். நாய்களுக்கு வரும் கெனைன் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் ஃபெரெட்டுக்கு வந்தால் அநேகமாகப் பிழைக்காது. நாய்க்குப் போடும் தடுப்பூசி எல்லாமே இதற்குப் பொருந்தும் என்றும் எண்ண வேண்டாம், சில வகைகள் நோயையே உண்டாக்கிவிடக்கூடும். எதைப் போடுவது என்பதை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். ரேபிஸ் ஊசியும் இருக்கட்டும். கூட்டத்தில் யாரையாவது கடித்துவிட்டால் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

விலங்கை வாங்கிய ரசீதும் வந்த வழிக்கான காகிதங்களும் கையில் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து விலங்கை இறக்க உரிமமும் தனிமைப்படுத்தலும் உண்டு. செல்லப்பிராணிக் கடைகளும் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். காகிதம் இல்லாத விலங்கை மேடையேற்றினால் காகிதம் இல்லாத வியாபாரத்துக்கு நீங்களே சாட்சி சொன்னதாகிவிடும்.

இன்னொன்று, டிக்கெட் வைக்காதீர்கள். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி, டிக்கெட் விற்று நடத்தும் கேளிக்கையில் விலங்கைக் காட்டவோ பழக்கவோ பதிவு தேவை. "செலவுக்கு ஆளுக்குப் பத்து ரூபாய்தானே" என்று தொடங்குவதே வினையாக முடியும்.

3. தேதியை வெயில் குறிக்கட்டும்

ஃபெரெட்டுக்கு வியர்த்து உடலைக் குளிர்விக்கும் வசதி கிடையாது என்றே சொல்லலாம். சுமார் 15 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை அதற்குச் சுகம். 30 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து தொடங்கிவிடும். வேலூரில் மே மாதம் 40 டிகிரி சாதாரணம். ஆகவே மார்ச் முதல் மழைக்காலம் வரும்வரை விலங்கோடு கூட்டம் வேண்டாம். நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முதல் பாதி வரை, காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் முடியுமாறு வையுங்கள்.

பள்ளிகளில் இதற்கு இடையூறு வரும். தலைமையாசிரியர் மதிய இடைவேளைக்குப் பிறகு நேரம் தருவார், ஏனென்றால் அப்போதுதான் பாட வேளை காலியாக இருக்கும். மறுக்கத் தயங்காதீர்கள். காலை வழிபாட்டை ஒட்டி நேரம் தர முடியாது என்றால் விலங்கை வீட்டில் விட்டுவிட்டுப் படங்களோடு போங்கள்.

4. நாய் நுழையாத இடமாகத் தேர்ந்தெடுங்கள்

வேலூர்க் கோட்டை மைதானம் அழகுதான். ஆனால் திறந்தவெளி, வெயில், தெருநாய்கள், அதற்கு மேல் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்பதால் அனுமதி வேறு. விட்டுவிடுங்கள். சத்துவாச்சாரி, காந்தி நகர் அடுக்குமாடிகளின் பொதுக்கூடம், கல்லூரிக் கருத்தரங்க அறை, பள்ளியின் தரைத்தள வகுப்பறை ஆகியவை போதும். கதவு மூட வேண்டும், தரையில் ஓட்டை இருக்கக் கூடாது. தலை நுழையும் சந்து எதுவாக இருந்தாலும் ஃபெரெட் முழுதாக நுழைந்துவிடும். கழிவுநீர்க் குழாயின் வாயைத் துணியால் அடைத்தால் துணியை இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போகும், பலகை வைத்து மூடுங்கள்.

அடுக்குமாடியில் நாய் வளர்ப்பவர்கள் நாயோடு வந்துவிடுவார்கள். அழைப்பிதழிலேயே "நாய், பூனையை அழைத்து வர வேண்டாம்" என்று எழுதிவிடுங்கள். நாயைத் தவிர்ப்பதற்கு டிஸ்டெம்பர்தான் காரணம் என்று ஒரு வரி சேர்த்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தையில் பேசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பேசலாம், விலங்கு இல்லாமல். அங்கே வருபவர்கள் விலங்கோடு வேலை செய்து வாழ்பவர்கள். வேலை விலங்கு என்றால் என்ன என்று அவர்களுக்கு நீங்கள் விளக்க வேண்டியதில்லை. கேள்விகளும் கூர்மையாக இருக்கும்: எலி பிடிக்குமா, கோழியை விட்டுவைக்குமா, தீனிச் செலவு என்ன?

5. முதல் நாளே எடுத்து வைக்க வேண்டியவை

நாற்புறமும் காற்றோட்டமுள்ள கடினமான கூண்டு, உள்ளே பழைய பருத்தித் துணி, உறைய வைத்து டவலில் சுற்றிய இரண்டு தண்ணீர்ப் பாட்டில்கள். துணி சுற்றாத ஐஸ் உடலில் படக் கூடாது. தண்ணீர்க் கிண்ணம், வேகவைத்த கோழித் துண்டு, மலம் கழிக்க ஒரு தட்டு, ஒரு வெப்பமானி. வெப்பமானியைப் பலர் மறந்துவிடுவார்கள். ஆனால் "இன்று எடுக்க மாட்டேன்" என்று சொல்ல உங்களுக்குத் துணை நிற்பது அந்த எண் மட்டும்தான்.

இருசக்கர வண்டியில் கொண்டு போகாதீர்கள். காரில் போனால், நிறுத்திய காரில் ஒரு நிமிடம்கூட விட்டுப் போகாதீர்கள்.

வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, எச்சில் வழிவது, ஈறு செக்கச்செவேலென்று ஆவது, துவண்டு படுப்பது எல்லாம் வெப்பத் தாக்கின் அறிகுறிகள். உடனே நிழலுக்கு எடுத்துப் போய், பாதத்தையும் வயிற்றையும் சாதாரணத் தண்ணீரால் நனைத்து, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும். பதற்றத்தில் ஐஸ் தண்ணீரில் முக்கிவிடுவார்கள், அது நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

6. பேச்சை "இது கீரி இல்லை" என்பதிலிருந்து தொடங்குங்கள்

படத்தைக் காட்டியதும் கூட்டம் முழுவதும் "கீரிப்பிள்ளை" என்றுதான் சொல்லும். இதை உடனே தெளிவாக்காவிட்டால், நீங்கள் பேசும் எல்லாவற்றையும் கீரியின் கணக்கிலேயே எழுதிக்கொள்வார்கள். வீட்டுக்குப் போய்க் கீரிக்குட்டியைத் தேடுபவர்களும் உண்டு. கீரி காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் விலங்கு. பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம்.

இரண்டு படங்களை அருகருகே வையுங்கள். கீரிக்கு உப்பும் மிளகும் கலந்தாற்போன்ற முடி, நுனி மெலியும் நீண்ட வால். ஃபெரெட்டுக்கு வெளிறிய உள்முடி, கருத்த கால்கள், கண்களைச் சுற்றி முகமூடிபோல் கருமை. முழு வெள்ளையாகச் சிவப்புக் கண்ணோடும் இருக்கும். உறவுமுறையில் ஃபெரெட் நீர்நாயின் குடும்பம், கீரி வேறு குடும்பம். காவிரியில் நீர்நாய் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

இணையத்திலிருந்து படம் எடுக்கும்போது கவனம் தேவை. கருங்கால் ஃபெரெட் என்பது வட அமெரிக்காவின் காட்டு விலங்கு. அழிந்தே போனது என்று நினைத்திருந்து, 1981-ல் வயோமிங் மாநிலத்தில் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது. அது வேறு இனம், வீட்டு ஃபெரெட் வேறு இனம். ஐரோப்பியக் காட்டு இனமான போல்கேட்டிலிருந்து மனிதன் வளர்த்தெடுத்ததுதான் வீட்டு ஃபெரெட். புதியவர்களின் பேனர்களில் பாதி கருங்கால் ஃபெரெட்டாகவே இருக்கிறது.

7. வேலையைச் சொல்லுங்கள், பிறகு அந்த வேலை இங்கே ஏன் இல்லை என்று சொல்லுங்கள்

இந்தப் பகுதிக்கு நேரம் தாராளமாக ஒதுக்குங்கள். செல்லப்பிராணியாக மட்டும் காட்டினால் பொம்மையாகிவிடும். வேலையைச் சொன்னால்தான் அதன் உடம்பும் குணமும் புரியும்.

பிரிட்டனில் முயல் பிடிப்பதைப் படம் போட்டுக் காட்டுங்கள். அங்குள்ள முயல் மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழும். வளையின் ஒவ்வொரு வாயிலும் சுருக்கு வலை விரித்துவிட்டு ஃபெரெட்டை உள்ளே விடுவார்கள். அதன் வாடை பட்டதும் முயல் வெளியே பாய்ந்து வலையில் விழும். உள்ளேயே முயலைக் கொன்றுவிட்டு ஃபெரெட் அங்கேயே தங்கிவிடுவதும் உண்டு. அதற்காகக் கழுத்தில் ஒலிபரப்பும் பட்டை கட்டி, மேலிருந்து இடத்தைக் கண்டு தோண்டி எடுப்பார்கள். இந்த வேலை நடப்பது குளிர்காலத்தில். மூன்றாம் படியில் சொன்ன வெயில் கணக்கு இங்கே பார்வையாளர்களுக்குத் தானாகவே விளங்கும்.

கல்லூரி மாணவர்களுக்கு ஃபெலிசியாவைச் சொல்லுங்கள். 1971-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் துகள் முடுக்கி ஆய்வகம் எழுந்தபோது, நீண்ட குழாய்களுக்குள் நூலை இழுத்துச் செல்ல அந்தச் சிறிய ஃபெரெட்டை விட்டார்கள். அது மறுமுனைக்கு வந்ததும் நூலில் துணியைக் கட்டி இழுத்துக் குழாயைத் துடைத்தார்கள். பிறகு அந்த வேலைக்கு இயந்திரம் வந்துவிட்டது. பொறியியல் மாணவர்கள் சிரித்துவிட்டுக் கேட்கும் கேள்விகள் நன்றாகவே இருக்கும்.

வேலூர் மருத்துவ நகரம். நோயாளிக்குத் துணையாக வந்து வாரக்கணக்கில் தங்கியிருப்பவர்கூடக் கூட்டத்தில் இருப்பார். மனித இன்ஃபுளுவென்சா வைரஸை 1933-ல் லண்டன் ஆய்வாளர்கள் முதன்முதலில் பிரித்தெடுத்தது ஃபெரெட்டுகளைக் கொண்டுதான். நம் ஃபுளூ காய்ச்சல் அதற்கு அப்படியே தொற்றும், அதனிடமிருந்து நமக்கும் தொற்றும். இதைச் சொல்லிவிட்டால், சளி பிடித்தவர் தள்ளி உட்கார வேண்டும் என்று நீங்கள் கேட்டுக்கொள்வது யாரையும் புண்படுத்தாது.

ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் தொழிலில் இருப்பவர்கள் ரோமத்தைப் பற்றிக் கேட்பார்கள். மழுப்ப வேண்டாம். ஐரோப்பாவில் இதை ரோமத்துக்காகவும் வளர்த்தார்கள், அந்த ரோமத்துக்கு ஃபிட்ச் என்று வியாபாரப் பெயரும் உண்டு.

இனி மறுபாதி. நம் காட்டு முயல் வளை தோண்டி வாழ்வதில்லை, புதரடியில் பதுங்கும். ஆகவே ஃபெரெட்டுக்கு உள்ளே போக வளையே கிடையாது. முயலை வேட்டையாடுவதும் சட்டப்படி குற்றம். ஜவ்வாது மலை அடிவாரத்தில் "ஒரு முறை விட்டுப் பார்க்கலாமே" என்று யாராவது அழைத்தால், வனத்துறை வழக்கில்தான் போய் முடியும்.

வயல் எலி? கேட்கத்தான் செய்வார்கள். எலி வளையில் நல்ல பாம்பும் இருக்கும், விஷம் தின்ற எலியும் இருக்கும். விஷம் தின்ற எலியைத் தின்றால் ஃபெரெட்டும் சாகும். பாம்பு நஞ்சைத் தாங்கும் வல்லமை கீரியின் உடலமைப்பில் இருக்கிறது, அதை ஃபெரெட்டிடம் எதிர்பார்க்கக் கூடாது. எலி வளையைத் தோண்டிப் பிடிப்பதில் இருளர்களுக்கு நிகர் யாரும் இல்லை. அவர்களை அழைப்பதே நல்லது.

நியூசிலாந்தைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். முயல் தொல்லையை ஒழிக்க 1880-களில் ஃபெரெட்டுகளைக் கொண்டுபோய் விட்டார்கள். அவை கிவி உள்ளிட்ட மண்ணின் பறவைகளைத் தின்றன. 2002-லிருந்து அங்கே விற்கவும் வளர்க்கவும் தடை. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவும் ஹவாயும் செல்லப்பிராணியாக வைத்திருக்க அனுமதிப்பதில்லை. இதைச் சொன்ன பிறகு, "வளர்க்க முடியாவிட்டால் அமிர்தி காட்டில் விட்டுவிடலாம்" என்று யாரும் சொல்வதில்லை. அதற்கு முன்பு சொல்வார்கள்.

8. விலங்கை வெளியே எடுப்பது

வெப்பமானியைப் பாருங்கள். 26 டிகிரிக்கு மேல் இருந்தால் நான் எடுக்கச் சொல்ல மாட்டேன். அறையில் குளிர்சாதனம் இருந்தால் முன்கூட்டியே ஓட விடுங்கள்.

எல்லோரையும் தரையில் உட்காரச் சொல்லுங்கள். நின்றுகொண்டிருப்பவர் கையிலிருந்து விழுந்தால் முதுகெலும்பு போய்விடும். ஒரு கை முன்கால்களுக்குப் பின்னால் மார்பைத் தாங்க, மறு கை பின்புறத்தைத் தாங்க வேண்டும். விலங்கைப் பிடிப்பவர் ஒருவர், பேசுபவர் வேறொருவர். இரண்டையும் ஒருவரே செய்யும்போதுதான் விலங்கு நழுவும்.

தொட விரும்புபவர்கள் முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். காலை டிபனில் கறிக்குழம்பு சாப்பிட்ட விரலை அது உணவென்றே எடுத்துக்கொள்ளும். சின்னக் குழந்தைகள் பார்க்கட்டும், தொட வேண்டாம். பத்து நிமிடம் போதும். நாளில் 14 முதல் 18 மணி நேரம் தூங்கும் விலங்கு இது. கூண்டுக்குள் போக விரும்பினால் விட்டுவிடுங்கள்.

தரையில் விட்டால் முதுகை வளைத்துப் பக்கவாட்டில் துள்ளிக் குதித்து, வாய்க்குள் கொக்கரிப்பதுபோல் சத்தம் போடும். அது விளையாட்டு. முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பாய்கிறது என்று நினைத்துக் கூட்டம் எழுந்து ஓடும், அந்த நெரிசலில் விலங்குதான் மிதிபடும்.

9. விலை கேட்பவருக்கு வளர்ப்பின் கணக்கைச் சொல்லுங்கள்

விலையை மட்டும் சொல்லிவிட்டு நகராதீர்கள். இந்தக் கேள்வி எப்படியும் வரும், பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

முதலில் தீனி. ஃபெரெட் முழுக்க முழுக்க மாமிச உண்ணி. உணவு அதன் குடலைக் கடக்க மூன்று நான்கு மணி நேரமே ஆகும், ஆகவே அடிக்கடி சாப்பிட வேண்டும். தயிர்சாதம், இட்லி, பால், பிஸ்கட் எதுவும் ஆகாது. "நாங்கள் சைவம், பழக்கிவிடலாமா?" என்று தயங்கிக் கேட்பவரிடம் முடியாது என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, கோடை. ஏப்ரல், மே மாதங்களில் பகல் முழுவதும் ஓர் அறைக்குக் குளிர்சாதனம் வேண்டும். மின்வெட்டு நேரத்தில் வீட்டு இன்வெர்ட்டர் பெரும்பாலும் அதை இழுக்காது. அப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருங்கள். கேட்டவர்கள் கணக்குப் போடத் தொடங்குவது இங்கேதான்.

பெண் ஃபெரெட் பருவத்துக்கு வந்து இணை சேராமல் இருந்தால் அந்தப் பருவம் தானாக அடங்காது. ஹார்மோன் மிகுந்து எலும்பு மஜ்ஜை கெட்டு, இரத்தச்சோகையில் இறந்துபோகும். கருத்தடை செய்யவோ ஹார்மோன் மருந்து வைக்கவோ தெரிந்த மருத்துவர் வேண்டும், அதாவது இரண்டாம் படியில் தேடிய அதே ஆள்.

வாடை இருக்கும், அடிக்கடி குளிப்பாட்டினால் கூடும். கோழி, புறா, லவ் பேர்ட்ஸ் வைத்திருக்கும் வீட்டுக்கு ஆகாது. ரப்பரையும் பஞ்சையும் கடித்து விழுங்கும், குடல் அடைத்துக்கொள்ளும். வீட்டில் ஷூ வேலை செய்யும் குடும்பங்களில் அடிப்பாகத் துண்டுகள் தரையெங்கும் கிடக்கும். அவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லுங்கள்.

இத்தனையும் கேட்டபின்பும் வேண்டும் என்பவர் இருப்பார். அவருக்கு ஆறிலிருந்து எட்டு ஆண்டுப் பொறுப்பு இது என்று சொல்லி, கடைக்குப் போகும் முன் இரண்டாம் படியை அவரே செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

10. கூட்டம் கலைந்த பிறகு

விலங்குக்குத் தண்ணீர் காட்டி, இருட்டான இடத்தில் தூங்க விடுங்கள். அடுத்த சில நாட்கள் தும்மல், கண்ணில் நீர், தீனி எடுக்காமை தெரிகிறதா என்று பாருங்கள்.

வாசலில் இரண்டு வகையான ஆட்கள் உங்களுக்காக நிற்பார்கள். ஒருவர் ஏற்கெனவே ஃபெரெட் வைத்திருப்பவர், தடுப்பூசி போடாதவர், கூட்டத்தில் சொல்ல வெட்கப்பட்டவர். குற்றம் சொல்லாமல் மருத்துவரின் எண்ணைக் கொடுங்கள். மற்றவர் "எங்கள் வீட்டில் ஒரு கீரி இருக்கிறது, சார்" என்று தாழ்ந்த குரலில் தொடங்குவார். அதை வாங்கிக்கொள்ளவோ நீங்களே காட்டில் விட்டுவரவோ முன்வராதீர்கள், அப்படிச் செய்தால் சட்டச் சிக்கல் உங்கள் தலையில் வந்து விழும். வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி ஒப்படைக்கச் சொல்லுங்கள். தனியாகப் போகப் பயந்தால் கூடப் போய் வாருங்கள்.